பெயர் சொல்ல விரும்பாத பெரியவர்

அன்புள்ள மகனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஃபோனில் பேசி முடிக்கிற விஷயமாக இருந்தால் பேசியே முடித்திருப்பேன். மூன்று நாளாக உன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீசில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன், சொந்த மகனுக்கு ஒரு முழுக் கடிதம் எழுதியதில்லை. புனேவில் நீ வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்ட பிறகு இதைப் படி. முதலில் படித்தால் உனக்குச் சோறு இறங்காது. இதில் இருப்பதையெல்லாம் உன் அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. டீயைக் கொண்டுவந்து வைக்கிறாள், போய்விடுகிறாள்.

போன வாரம் நீ ஃபோனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? நிக்காஹுக்கு இன்னும் இருபது நாள், பிரியாணிக்கு யாரைச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நீ சொன்னாய்: "அத்தா, இம்தியாஸ் மச்சான் கேஸ்ல பேப்பர்காரங்ககிட்ட வாய் கொடுத்த அந்தப் பெரிய மனுஷன் யாருன்னு மட்டும் கண்டுபுடிங்க. கூப்பிட்டு முதல் சஹன் தட்டுல உக்கார வெச்சு, எலும்பா அள்ளி வைப்போம்." நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். மகனே, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெரிய மனுஷன் உன் அத்தாதான்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நியாயப்படுத்த இல்லை. நாளைக்கு உனக்கும் இதே குழி காத்திருக்கிறது, அதனால்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் வீட்டில் இங்கிலீஷ் பேப்பர்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்தில் ஆரம்பித்தால், ஆபீஸ் வாசலில் இறங்கும்போது தலையங்கம் முடிந்திருக்கும். கவுண்டரில் வெள்ளைக்காரர்கள் ஸ்டாம்பு கேட்டு வருவார்கள். அவர்களோடு நாலு வார்த்தை தடுமாறாமல் பேசுவதில் எனக்கு ஒரு மிதப்பு. தமிழ்ப் பேப்பரை டீக்கடையில் படிப்பேன், காசு கொடுத்து வாங்குவது இங்கிலீஷ் பேப்பர் மட்டும். தமிழ்ப் பேப்பர் நம்மைத் திட்டினால் நேராகத் திட்டும்; நாமும் பதிலுக்குத் திட்டிவிட்டு டீயைக் குடிக்கலாம். இங்கிலீஷ் பேப்பர் திட்டாது. கவலைப்படும். நம்மைப் பற்றி மிகவும் கவலைப்படும். ஆட்சி மாறினால் தலையங்கத்தின் குரல் மாறும், அந்தக் கவலை மட்டும் மாறாது.

பிடிபட்டவன் நம் பெயர்க்காரனாக இருந்தால் பெயர் தலைப்பிலேயே வரும். அவன் படித்த பள்ளி, அவன் தகப்பன் தொழுத பள்ளிவாசல் எல்லாம் வரும். பத்து வருஷம் கழித்துக் கோர்ட் அவனை விட்டுவிட்டால், உள்பக்கத்தில் டெண்டர் விளம்பரத்துக்கு மேலே நாலு வரி. வேறு பெயர்க்காரன் அதே காரியத்தைச் செய்தால் அவனுக்கு மனநிலை சரியில்லை, கடன் தொல்லை, காதல் தோல்வி. எல்லாப் பேப்பரும் எல்லா நாளும் இப்படி என்று சொன்னால் அது பொய். நமக்காக எழுதி, வேலையை விட்டுப் போனவர்களும் அங்கே உண்டு, அவர்கள் எழுதியதையும் நான் படித்திருக்கிறேன். ஆனால் உனக்கு ஆறு வயசில் ஈத்கா திடலில் பெருநாள் தொழுகை முடிந்து உன்னை ஒருவர் படம் எடுத்தாரே, பக்கத்து வீட்டுப் பையனை நீ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த படம், அது மறுநாள் வந்தபோது நான் கடை கடையாகப் போய்ப் பத்துப் பேப்பர் வாங்கினேன். இப்போது யோசித்தால், அதில் நாம் வருவதற்கு இரண்டே வழிதான் இருந்தது. கட்டிப்பிடித்தால் ஒரு படம், கையில் விலங்கு மாட்டினால் ஒரு படம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முஸ்லிம், பஸ்ஸைத் தவறவிட்ட முஸ்லிம் என்று ஒருவன் அந்தப் பேப்பரில் இருந்ததே இல்லை.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிற என் பைத்தியம் உனக்குத் தெரியும். நீயும் உன் அம்மாவும் எத்தனை கேலி செய்திருப்பீர்கள். கவர் ஒட்டுவது நான், முத்திரை குத்துவதும் நான் என்று. சாக்கடை அடைப்பைப் பற்றி எழுதுவேன், வராது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் சனிக்கிழமை கூட்டம் விட்டுப்போகும் குப்பையைப் பற்றி எழுதுவேன், வராது. ஒரு நாள், எங்கோ வடக்கே நடந்த ஏதோ ஒரு கொடுமைக்கு, 'ஒரு முஸ்லிமாக நான் வெட்கப்படுகிறேன்' என்று ஆரம்பித்து எழுதினேன். மூன்றாம் நாளே வந்தது, கட்டம் கட்டி வந்தது. போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த வாசலில் மட்டும்தான் என்னை உள்ளே விடுவார்கள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்த அன்றே பேனாவை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அந்த வாசல் வழியாகவே போய்வரப் பழகிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு முக்கால்வாசி தெரியும். என் சிநேகிதன் காஜா, பைபாஸ் ஓரம் லாரிக்கு சீட் கவர் தைக்கிறவன், அவன் மகன் இம்தியாஸ் அப்போதுதான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சேக்காளிகள் மூன்று பேரோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறான். வண்டி நிறுத்துகிற இடத்தில் வெளியூர் வேன்காரர்களுக்கும் இவர்கள் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. யாரோ எறிந்த கல்லில் வேன் கண்ணாடி உடைந்தது. அந்த நேரத்தில் இம்தியாஸ் எதிர்ப்புறம் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தான். ஆனாலும் போலீஸ்காரர்கள் நாலு பேரைப் பிடித்துப் போனார்கள்: இம்தியாஸ், அவன் சேக்காளி அன்சர், அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர். மறுநாள் தமிழ்ப் பேப்பரில் 'பார்க்கிங் தகராறு, நாலு பேர் கைது' என்று நாலு பேர் பெயரும் வந்தது. அன்று மத்தியானம் எனக்கு ஒரு ஃபோன் வந்தது, இங்கிலீஷ் பேப்பரிலிருந்து. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்கிறாயா? நான் எழுதிய கடிதங்களின் கீழே நானே எழுதி வைத்த நம்பர்தான்.

ஒரு பெண் பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், மரியாதையாகப் பேசினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினேன். அந்த இடத்தில் வண்டி நிறுத்த வசதி கிடையாது, வாரா வாரம் சண்டைதான் என்றேன். நாலு பேரில் இரண்டு பேர்தான் நம்மவர்கள் என்றேன். அவள் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் எழுதிக்கொள்கிற சத்தம் வரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, மகனே. இதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருஷம் அந்தப் பேப்பரைப் படித்தவனுக்கு, எந்த வரியைச் சொன்னால் எழுதிக்கொள்வாள் என்று தெரியாதா? சொன்னேன். "சில இளைஞர்கள் செல்ஃபோனைப் பார்த்து வழிதவறிப் போகிறார்கள், பெரியவர்களாகிய எங்களுக்குக் கவலையாக இருக்கிறது, சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்." நல்ல இங்கிலீஷில், தடுமாறாமல் சொன்னேன். உடனே கீபோர்டு சத்தம் கேட்டது. "பெயர் போடலாமா சார்?" என்றாள். "வேண்டாம்மா" என்றேன்.

இம்தியாஸ் வழிதவறிப் போனான் என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. அவன் செல்ஃபோனில் கிரிக்கெட் தவிர வேறு ஒன்றும் பார்த்து நான் அறியேன். ஒரு நிமிஷம் நான் புத்திசாலி முஸ்லிமாக இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மறுநாள் வந்தது: பாரம்பரிய நகரில் பதற்றம், சுற்றுலா வந்தவர்கள் மீது தாக்குதல், ஏதாவது அமைப்போடு தொடர்பு உண்டா என்று விசாரணை. இம்தியாஸ் பெயர், அன்சர் பெயர், 'மேலும் இருவர்'. கீழே, 'பெயர் சொல்ல விரும்பாத ஜமாஅத் பெரியவர் ஒருவர்' சொன்னதாக என் வரி. பார்க்கிங் என்ற வார்த்தை எங்குமே இல்லை. ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போன காஜாவிடம் அங்கே ஒரு போலீஸ்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டி, "உங்க ஆளே சொல்லிகினு கீறாரு, அப்புறம் இன்னா நீ பேசற?" என்றாராம். காஜா அதை என்னிடம் வந்து சொல்லித்தான் அழுதான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இம்தியாஸ் இரண்டு மாசம் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான். கம்பெனி அவனை நிறுத்தியது. ஐஸ் கடைக்காரர் கேமராவில் அவன் நிற்பது தெரிந்து, பிறகு கோர்ட் அவனை விடுவித்தது. தமிழ்ப் பேப்பரில் அது வந்தது, இங்கிலீஷ் பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்தக் கம்பெனிக்கு எழுதிப்போட்டாலும், அவர்கள் அவன் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தச் செய்திதான். இஞ்சினியரிங் படித்தவன் அச்சரப்பாக்கத்துக்கும் நமக்கும் நடுவே லோடு வண்டி ஓட்டுகிறான். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது, அந்த வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூட்டத்தில் நடந்தது. 'பத்திரிகையில் பொறுப்பில்லாமல் பேசிய அந்த நபரை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று தீர்மானம் போட்டார்கள். செயலாளர் நான்தானே? என் கையால் நானே அதை எழுதினேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பருக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினேன். இரண்டு பெயர் போட்டு, இரண்டு பெயர் மறைத்தது எந்த நியாயம் என்று கேட்டேன். அது போடப்படவே இல்லை. அது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்டிவிடலாம் அல்லவா? நான் நாலு வரி சொன்னேன், மூன்றை வெட்டிவிட்டு ஒன்றைப் போட்டார்கள் என்று எனக்குள்ளே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டேன். உண்மைதான், வெட்டினார்கள். ஆனால் அவர்கள் வெட்டாமல் விட்ட வரி நான் சொன்ன வரி. அவர்கள் விரும்புவார்கள் என்று தெரிந்தே நான் சமைத்துப் பரிமாறிய வரி. அவர்கள் சாய்வு அவர்கள் குற்றம். அந்தச் சாய்வில் என் சிநேகிதன் மகனை உருட்டிவிட்டது என் கை.

இரண்டு மாசத்துக்கு முன் இம்தியாஸ் ஒரு வக்கீலைப் பிடித்து, இணையத்திலிருந்து அந்தச் செய்தியை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினான். பேப்பரிலிருந்து பதில் வந்தது. அந்தச் சமுதாயத்துப் பெரியவரே சொன்னதைத்தான் போட்டோம், செய்தியில் தவறில்லை, எடுக்க முடியாது என்று. அந்தப் பதிலை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று காஜா என்னிடமே கொண்டுவந்தான். நான் என் வாயால், என் வரியை, அவனுக்குத் தமிழில் சொன்னேன். வக்கீல் சொன்னாராம், அந்தப் பெரியவர் மட்டும், ஆதாரமில்லாமல் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களால் மறுக்க முடியாது என்று. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதிதான் எனக்கு. சொன்னால் உன் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் உனக்கு மனைவியாக வரப்போகிறவளின் அண்ணன் ஆயுசுக்கும் லோடு வண்டி. அதற்கு முன்பே நீயும் காஜா மகள் ரிஸ்வானாவும் விரும்புகிறீர்கள் என்று தெரிந்து, காஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு வூடும் ஒண்ணாயிடிச்சுடா" என்றான். எந்தப் பக்கம் அசைந்தாலும் யாருக்காவது வலிக்கும் என்று ஆகிவிட்டது. நான் அசையாமல் இருந்தேன்.

போன வாரம் ஜுமுஆத் தொழுகையில் பள்ளிவாசல் ஹஜ்ரத், அடியாருக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான் என்று பயானில் சொன்னார். சின்ன வயசிலிருந்து கேட்கிற பேச்சுதான். அன்றைக்கு எனக்கு மட்டும் சொன்னது மாதிரி இருந்தது. பிறகு உன் ஃபோன் வேறு. செவ்வாய்க்கிழமை கோர்ட் வாசலில் நோட்டரியிடம் போய், நானே இங்கிலீஷில் எழுதிய வாக்குமூலத்தில் முழுப் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். அங்கிருந்து நேராகக் காஜாவின் கடைக்கு நடந்தேன். மத்தியான வெயில். இம்தியாஸ் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அங்கேதான் இருந்தான்.

"இன்னா மாமா, இந்த வெயில்ல நடந்து வந்துகினு? போன் போட்டா நான் வந்து இட்டுனு வந்திருப்பேன்ல."

நான் உட்காரவில்லை. "இம்தியாஸ், பேப்பர்ல பேர் சொல்லாத பெரியவரு ஒருத்தர் பேசினாரே... அது நான்தாம்ப்பா."

முதலில் அவன் சிரித்தான், விளையாடுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தான். காஜாவின் தையல் மெஷின் நின்றது.

"ஏன் மாமா?" என்றான்.

"அவங்களுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும்ப்பா. அதக் குடுத்துட்டேன்."

காஜா மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அந்தத் தீர்மானம் நீதானடா எழுதின?"

"ஆமாம் காஜா."

"நான்கூட கையெழுத்துப் போட்டேனே." அவ்வளவுதான் சொன்னான். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டான். திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

இம்தியாஸ் கையை நீட்டினான். வாக்குமூலத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தான். "இங்கிலீஷ் நல்லா கீது மாமா" என்றான். குத்தலே இல்லை, நிஜமாகவே சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்டேன். "இப்ப தெரியல மாமா. அந்த நியூஸ் போவட்டும், அப்புறம் கேளுங்க" என்றான். கிளம்பும்போது பின்னாலேயே வந்து, "தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். அத்தாவும் சொல்ல மாட்டாரு. சொன்னா நாங்க கல்யாணத்தக் கெடுத்த மாதிரி ஆயிடும். உங்க புள்ளையே சொல்லட்டும்" என்றான்.

இதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. வக்கீலே என்னை எச்சரித்தார். நான் மாற்றிச் சொன்னதையும் அவர்கள் செய்தியாக்கலாம், 'சமுதாய நெருக்கடியால் பெரியவர் பின்வாங்கினார்' என்று. அப்படித்தான் நம் நிலைமை. கண்டிக்காவிட்டால் ஏன் கண்டிக்கவில்லை என்பார்கள். கண்டித்தால், பாருங்கள், அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பார்கள். உன் ஆபீசிலும் டீ குடிக்கிற இடத்தில் உன்னைக் கேட்பார்கள், நல்லவர்களே கேட்பார்கள், அன்பாகக் கேட்பார்கள். அப்போது உன் வாயில் ஒரு வரி தயாராக வந்து நிற்கும், சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்று உனக்கே தெரியும். அந்த வரியை விழுங்கிவிடு. தெரியாததைத் தெரியாது என்று சொல். பார்க்கிங் சண்டை என்றால் பார்க்கிங் சண்டை என்று மட்டும் சொல்லி நிறுத்து. அவர்கள் எழுதிக்கொள்ளாவிட்டால் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்ததும் இதையெல்லாம் பள்ளியில் எல்லோர் முன்பும் சொல்லப்போகிறேன், செயலாளர் பொறுப்பையும் விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கையில் கிடைக்கும். நடுவே இருப்பது ஒரு ராத்திரியும் ஒரு காலையும்தான். நிக்காஹ் அன்று சாட்சிகள் உள்ளே போய் அந்தப் பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்பார்கள். எப்படிப்பட்ட வீட்டுக்கு வருகிறோம் என்று தெரியாமல் அவள் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. வேண்டாம் என்று அவள் சொன்னால் அது அவள் உரிமை, நீ கெஞ்சக் கூடாது. எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே. உன் வாழ்க்கையை நான் இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன், மகனே. ஆனாலும் ஊர் சொல்லி அவள் கேட்பதற்கு முன்னால், நீ சொல்லிக் கேட்கட்டும்.

படித்து முடித்ததும் ஃபோன் பண்ணு. எனக்கு இல்லை, அவளுக்கு.

அத்தா